பழைய எம்.ஜீ.பீ. காரில் பிரேக் பெடல் கல்லாகிறது: பழுது சேர்வோவிலா, வேறெங்காவதா?

கல்லடிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1971ஆம் ஆண்டு எம்.ஜீ.பீ. ஜீ.ரீ. என்னும் பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. பெரியப்பா ஹிங்குராணைப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் வாங்கி, ஓய்வு பெற்ற பிறகு கல்லடி வீட்டுக்குக் கொண்டுவந்து, கிடுகுக் கொட்டகைக்குள் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்ட கார் அது. அவர் காலமான பின் என் பொறுப்புக்கு வந்து நான்கு ஆண்டுகளாகின்றன. 1798 சீ.சீ. எஞ்சின், இரட்டை எஸ்.யூ. காபரேட்டர், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இப்போதைய கார்களில் மிதிக்கும் பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டர் பெடலுக்கு நேர் முன்னால் இருப்பதைப் போல இதில் இல்லை. எஞ்சின் அறையில் வேறோரிடத்தில் அதே வேலையைச் செய்யும் லொக்ஹீட் சேர்வோ ஒன்று தனியாகப் பூட்டப்பட்டிருக்கிறது.

மூன்று மாதங்களாக இதன் பிரேக் என்னை நிம்மதியாக ஓட்ட விடவில்லை. காலையில் புறப்படும்போது பெடல் வழமைபோலவே இருக்கும். ஆரையம்பதி வரை போய்த் திரும்பும் வழியில் இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து மிதித்தால், காலுக்குக் கீழே செங்கல்லை வைத்தது போல இறுகிவிடுகிறது. கார் நிற்காமல் போவதில்லை. ஆனால் இரண்டு மடங்கு பலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் புதிய கல்லடிப் பாலத்தில் முன்னால் போன முச்சக்கர வண்டி சடுதியாக நின்றபோது, ஆசனத்தில் முதுகை ஊன்றி இரண்டு காலாலும் மிதித்துத்தான் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த அம்மா அன்றிலிருந்து இந்தக் காரில் ஏறுவதில்லை.

அதற்கு முன்பிருந்தே பிரேக் ஒயில் குறைந்துகொண்டு வருகிறது. தென்னை ஈர்க்கு ஒன்றை நன்றாகத் துடைத்து, பெடலை மிதித்ததும் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் தகரத்துக்குள் விட்டு, ஒயில் மட்டத்தில் பிளேடால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு விரற்கடை இறங்குகிறது. ஆனால் நான்கு சக்கரங்களின் உட்புறமும் காய்ந்து கிடக்கின்றன. கொட்டகைச் சீமெந்துத் தரையில் ஒரு சொட்டு அடையாளமும் இல்லை. காலையில் எஞ்சினை இயக்கியதும் ஒரு நிமிடம் போல வெள்ளைப் புகை வந்து பிறகு அடங்குகிறது. பிரேக்கை மிதித்தபடி நின்றால் ஐட்லிங்கும், அதாவது கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் மெதுவான ஓட்டமும், தடுமாறுகிறது.

நகரிலுள்ள ஒரு கராஜில் காட்டினேன். ஒயில் குறைகிறது என்று சொன்னவுடனேயே மாஸ்டர் சிலிண்டர்தான் என்று முடிவு கட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து புதியது வரவழைத்துப் பூட்டினோம். பணம் போனதே தவிர ஒன்றும் மாறவில்லை. இப்போது, சேர்வோவைக் கழற்றி எறிந்துவிட்டு இந்தியக் கார் ஒன்றின் பூஸ்டரைப் பூட்டலாம் என்கிறார்கள். பெரியப்பாவின் காரில் அப்படிக் கைவைக்க எனக்கு மனமில்லை. பழுது உண்மையில் சேர்வோவில்தான் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே சோதித்து உறுதிசெய்ய வழியுண்டா? அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஸ்பானர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் எனக்கு ஏறக்குறைய விளங்கிவிட்டது. ஆனாலும் சோதிக்காமல் முடிவு சொல்லமாட்டேன். சோதிக்காமல் முடிவு சொன்னதால்தான் உங்கள் மாஸ்டர் சிலிண்டர் வீணாக மாறியிருக்கிறது. பழையதை எறிந்திருந்தால் தேடி எடுத்து வையுங்கள். அது நல்ல நிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் இந்தச் சேர்வோ என்ன செய்கிறது என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள், சோதனைகள் பிறகு தாமாகவே விளங்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது இன்லெட் மனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் ஒரு ஹோஸ் வழியாகச் சேர்வோவின் தகரக் குடுவைக்குள் வருகிறது. குடுவையின் நடுவில் றப்பர் டயாப்ரம் இருக்கிறது. நீங்கள் மிதிக்கும்போது டயாப்ரத்தின் ஒரு பக்கத்துக்கு வெளிக்காற்று விடப்படுகிறது, மறுபக்கம் வெற்றிடமாகவே இருக்கிறது. வெளிக்காற்றின் அமுக்கம்தான் தள்ளுகிறது. 7 அங்குல விட்டமுள்ள டயாப்ரம் ஒன்றை வைத்துக் கணக்குப் பார்த்தால், அதன் பரப்பு 38 சதுர அங்குலத்துக்குச் சற்று மேல். 18 அங்குலப் பாதரச வெற்றிடம் என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு 9 இறாத்தலுக்குச் சற்றுக் குறைவு. பெருக்கினால் ஏறத்தாழ 340 இறாத்தல், அதாவது 150 கிலோவைத் தாண்டும் பலம். இந்த உதவி இல்லாமல் போனால் பெடல் ஏன் செங்கல்லாகிறது என்பது இப்போது விளங்கும்.

உங்கள் காரில் இருக்கும் வகை வேறு விதமானது. பெடலுக்கு முன்னாலுள்ள பூஸ்டர் காலின் பலத்தை நேரடியாக வாங்குகிறது. இதுவோ ஒயிலின் அமுக்கத்தை வாங்குகிறது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் ஒயில் முதலில் சேர்வோவின் சிறு சிலிண்டருக்குள் போய், அங்கிருந்துதான் சக்கரங்களுக்குப் போகிறது. ஒயிலின் அமுக்கம் ஏறியதும் காற்று வால்வு திறக்க, டயாப்ரம் ஒரு தண்டைத் தள்ள, தண்டு சிறு சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்தத் தண்டு சிலிண்டருக்குள் நுழையும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் பிரேக் ஒயில், மறுபக்கம் வெற்றிடம். அந்தச் சீல் தேய்ந்தால் ஒயில் தரையில் சொட்டாது. வெற்றிடம் அதை உறிஞ்சிக் குடுவைக்குள் சேர்க்கும். அங்கிருந்து ஹோஸ் வழியாக எஞ்சினுக்குப் போய் எரிந்து வெள்ளைப் புகையாக வெளியேறும். தரை காய்ந்திருக்க, ஒயில் குறைய, காலையில் புகை வர, இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் என் கண் முதலில் அந்தச் சீலுக்குத்தான் போகும்.

இருந்தாலும் வரிசையாகவே பாருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, மிச்சமிருக்கும் வெற்றிடம் தீரும்வரை பெடலை ஐந்தாறு தடவை மிதியுங்கள். பெடல் இறுகிய பின் காலை எடுக்காமல், மிதமான அழுத்தத்தோடு வைத்துக்கொண்டே எஞ்சினை இயக்குங்கள். சேர்வோ வேலை செய்தால் பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு செய்வது நல்லது. சிறிய அசைவும் உள்ளங்காலுக்குத் தெரியும். இறங்கவே இல்லையென்றால் உதவி வரவில்லை என்று பொருள். ஆனால் குற்றவாளி சேர்வோதான் என்று அதனால் ஆகிவிடாது. அதற்கு வெற்றிடமே போய்ச் சேராமலும் இருக்கலாம்.

அடுத்து, எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்து வந்து மிதித்தால் முதல் ஓரிரு மிதி இலகுவாகவும் அதன் பின் படிப்படியாகக் கடினமாகவும் இருக்க வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால் சேமித்த வெற்றிடம் எங்கோ கசிந்துவிட்டது. சேர்வோவில் ஹோஸ் பூட்டும் இடத்திலுள்ள ஒருவழி வால்வை அப்போது கழற்றிப் பாருங்கள். எஞ்சின் பக்க முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் காற்று வர வேண்டும். ஊதினால் போகக் கூடாது. வாயில் வைக்கும் முன் துடைத்துக்கொள்ளுங்கள், பிரேக் ஒயில் நஞ்சு. வால்வைச் சுற்றியுள்ள றப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஐம்பது ஆண்டுப் பழைய றப்பர், அதுவும் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் கல்லடியில், நல்ல நிலையில் இருந்தால்தான் அதிசயம்.

வெற்றிட மானி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் ஊகத்துக்கே இடமில்லை. ஹோஸின் சேர்வோப் பக்க முனையில் மானியைப் பூட்டி, சூடான எஞ்சினை ஐட்லிங்கில் விடுங்கள். 17 முதல் 21 அங்குலம் வரை நிலையாகக் காட்டினால் எஞ்சினும் ஹோஸும் தங்கள் கடமையைச் செய்கின்றன. 12, 13 என்று காட்டினால் சேர்வோவைத் தொடாதீர்கள். டைமிங், எஞ்சின் வால்வுகள், காபரேட்டர் கஸ்கட் ஆகியவற்றைப் பாருங்கள்.

பிரேக்கை மிதிக்கும்போது ஐட்லிங் ஒரு கணம் அசைவது இயல்புதான், டயாப்ரம் நகரும்போது குடுவையிலுள்ள காற்று எஞ்சினுக்குள் போவதால் அப்படி நடக்கும். மிதித்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் தடுமாறினால் டயாப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது காற்று வால்வு சரியாக அமரவில்லை. எஞ்சின் ஓடும்போது ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, சேர்வோவின் காற்று வடிகட்டிக்குக் கிட்டக் காதை வைத்துக் கேளுங்கள். சிறு சீறல் வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காமல் சீறிக்கொண்டிருந்தால் அங்கேதான் பழுது.

கடைசியாக ஒன்று, உங்கள் விடயத்தில் இதுதான் தீர்ப்புச் சொல்லும். வெற்றிட ஹோஸைச் சேர்வோவிலிருந்து கழற்றுங்கள். பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை மெல்லிய கம்பியில் சுற்றி, ஹோஸுக்குள்ளும் வால்வு இருந்த ஓட்டைக்குள்ளும் விட்டு எடுத்துப் பாருங்கள். காய்ந்த தூசியோ பெற்றோல் வாடையோ வந்தால் சீல் தப்பிவிட்டது. வழுவழுப்பாக, மங்கிய நிறத்தில் ஈரம் வந்தால், அதில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்; பிரேக் ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும், எஞ்சின் ஒயில் மிதக்கும். இதற்கிடையில் ரேடியேட்டர் தண்ணீர் மட்டத்தையும் ஒரு வாரம் கவனியுங்கள். ஹெட் கஸ்கட் போனாலும் காலையில் வெள்ளைப் புகை வரும். ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

அக்கரைப்பற்று வாசகன் எழுதியது:

ஸ்பானர் ஐயா சொன்னவற்றோடு ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை. என் பழைய காரிலும் பெடல் இதே மாதிரி இறுகியது, ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும். காலையில் எத்தனை சோதனை செய்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். பூஸ்டரை மாற்றுவதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் தற்செயலாக, எஞ்சின் சூட்டோடு பொனட்டைத் திறந்து வைத்திருக்கையில் கண்டேன்: வளைவில் இருந்த ஹோஸ் காலால் மிதித்த குழாயைப் போலத் தட்டையாகிக் கிடந்தது. முன்பு யாரோ அங்கே சாதாரணப் பெற்றோல் ஹோஸைப் பூட்டியிருந்தார்கள். அது உள்ளிருந்து வெளியே தள்ளும் அமுக்கத்தைத் தாங்கும். உறிஞ்சலைத் தாங்காது, சூட்டில் இளகியதும் உள்ளே சுருங்கி வழியை அடைத்துவிடும். வெற்றிடத்துக்கென்று செய்யப்பட்ட தடித்த ஹோஸை வாங்கிப் பூட்டியதோடு பிரச்சினை தீர்ந்தது. உங்களுடையதும் ஓடிய பிறகுதான் இறுகுகிறது என்பதால், மானி வைக்கும் சோதனையை எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னரே செய்யுங்கள்.

அம்பாறை வீதி எழுதியது:

நான் எம்.ஜீ.பீ. வைத்திருப்பவன் அல்ல, பெட்டி லான்சர் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதன் பூஸ்டர் பெடலுக்கு முன்னாலேயே இருக்கும் வகை. எனினும் பூஸ்டரை வீணாகச் சந்தேகித்து ஏமாந்த கதை என்னிடமும் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

கண்டியிலிருந்து மஹியங்கனை வழியாக அம்பாறைக்குத் திரும்பும்போது பதினெட்டு வளைவில் இறங்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். குடும்பத்தில் ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். முன்னால் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்ததால் வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். பாதி தாண்டியதும் பெடல் கடினமாகி, மிதித்தாலும் கார் பிடிக்க மறுத்தது; ரயர் எரிவது போல ஒரு நாற்றமும் வந்தது. பூஸ்டர் போய்விட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லி, ஊருக்கு வந்ததும் மாற்றச் சொன்னேன். எங்கள் கராஜ் பாஸ், நல்ல மனிதர், உடனே மறுத்துவிட்டார். அக்சலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரில் வைத்து இறங்கும்போது மனிஃபோல்டில் வெற்றிடம் ஐட்லிங்கை விட அதிகமாகவே இருக்கும். பூஸ்டருக்கு அதைவிட நல்ல நேரமே கிடையாது, அங்கே மட்டும் அது எப்படிக் கைவிடும் என்று கேட்டார். டிஸ்கைப் பிடிக்கும் பிரேக் பேட்தான் சூடேறிப் பிடியை இழந்திருக்கிறது என்பது அவருடைய முடிவு. கழற்றிப் பார்த்தபோது பேட்டின் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது.

அவர் சொல்லித் தந்த பாடத்தை அப்படியே எழுதுகிறேன். மலை இறக்கத்தில் மட்டும் பெடல் கடினமாக இருந்து கார் பிடிக்காவிட்டால் பேட்டையும் டிரம்மையும் பார்க்க வேண்டும். அதே இறக்கத்தில் பெடல் பஞ்சு போல இளகித் தரையைத் தொட்டால் ஒயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டொட் 4 தரத்திலுள்ள புதிய ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. சமதரையில், சந்தைக்குள் ஊர்ந்து போகும்போதும் பெடல் கல்லாக இருந்தால்தான் பூஸ்டரின் பக்கம் திரும்ப வேண்டும். கல்லடி அண்ணனுக்குப் பாலத்திலேயே அப்படி நடந்திருக்கிறது, மட்டக்களப்பில் மலையில்லை. ஆகவே நானும் ஸ்பானர் ஐயாவின் பக்கம்தான்.

கல்லடிக்காரன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு நாட்கள் விடுமுறை எடுத்து எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

வெறுங்காலோடு செய்த முதல் சோதனையில், எஞ்சின் குளிர்ந்திருந்தபோது பெடல் நெல்மணி அளவு இறங்கியது. பத்துக் கிலோமீற்றர் ஓடிவந்து செய்தபோது அசையவே இல்லை. வெற்றிட மானியை ஒரு நண்பரிடம் வாங்கி, சூட்டோடு ஹோஸின் முனையில் வைத்தேன். 19 அங்குலத்தில் முள் நடுங்காமல் நின்றது, ஹோஸும் தட்டையாகவில்லை. ஒருவழி வால்வு சரியாக இருக்கிறது, ஆனால் அதன் றப்பர் வளையம் விரலால் அழுத்தியதும் பொடிந்துவிட்டது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை.

வேட்டித் துண்டைப் பற்றி எழுதினால் சிரிப்பீர்கள். ஹோஸைக் கழற்றியதுமே துண்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. கறுத்த கருப்பட்டிப் பாணி போல ஒரு திரவம் என் மணிக்கட்டில் வழிந்து, மட்கார்டில் விழுந்து, நான் துடைப்பதற்குள் பெரியப்பா அடித்த பச்சைப் பெயின்ற்றைக் கொப்புளிக்க வைத்துவிட்டது. தண்ணீரில் விட்ட துளி கரைந்தே போனது. சேர்வோவைக் கழற்றிக் கவிழ்த்தபோது தேநீர்க் கோப்பையில் பாதிக்கு மேல் ஒயில் வந்தது. பிரித்துப் பார்த்தேன்: டயாப்ரம் ஊறி உப்பி, ஓரத்தில் சுருங்கிக் கிடக்கிறது. சிறு சிலிண்டரின் உட்சுவரில் துரு தின்ற இரண்டு புள்ளிகள் தெரிகின்றன. இப்போது புதிய சீல்கள் அடங்கிய திருத்தும் கிற் வாங்குவதா, முழுச் சேர்வோவையும் மாற்றுவதா? அது வரும்வரை காரை ஓட்டலாமா?

வாவிக்கரை எழுதியது:

சேர்வோ இல்லாமலேயே ஓட்டுங்கள் என்பது என் கருத்து. எம்.ஜீ.பீ. 1962இல் வந்தபோது சேர்வோ இல்லாமல்தான் வந்தது. பின்னரும் பல ஆண்டுகள் அது விரும்பியவர்கள் பணம் கொடுத்துப் பூட்டிக்கொள்ளும் பொருளாகவே இருந்தது. வெற்றிட ஹோஸை அடைத்துவிட்டால் ஒரு தொல்லை குறையும்.

பழைய ஸ்பானர் எழுதியது:

வாவிக்கரை சொல்வதில் பாதி சரி, பாதி ஆபத்து. எம்.ஜீ.பீ.யைச் சேர்வோ இல்லாமல் ஓட்டலாம் என்பது உண்மை. ஆனால் வெற்றிட ஹோஸை மட்டும் அடைத்துவிட்டு, பழுதான சேர்வோவை ஒயில் பாதையில் விட்டுவைத்தால், உறிஞ்சல் இல்லாவிட்டாலும் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அமுக்கத்தில் ஒயில் அந்தச் சீலைத் தாண்டிக் குடுவைக்குள் போகும். முன்பு புகையாவது காட்டிக்கொடுத்தது. இப்போது அதுவும் இருக்காது. உங்கள் காரின் பிரேக் ஒற்றைச் சுற்று என்பதை மறக்காதீர்கள்: ஒயில் தீர்ந்தால் முன் சக்கரமும் இல்லை, பின் சக்கரமும் இல்லை, கை பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

ஆகவே சேர்வோவைப் பாதையிலிருந்தே அகற்ற வேண்டும். உள்ளே வரும் குழாயையும் வெளியே போகும் குழாயையும் அதே மரையுள்ள பித்தளை யூனியன் ஒன்றால் நேராக இணைத்து, மனிஃபோல்டிலுள்ள வெற்றிடத் துவாரத்தை இறுக்கமாக அடைத்து, நான்கு சக்கரங்களின் பிரேக்கிலும் ஒயிலுக்குள் சிக்கிய காற்றை எடுங்கள். பின் சக்கரங்களில் தொடங்குங்கள். மரை பொருந்தாத யூனியனைப் பலவந்தமாக முறுக்க வேண்டாம். வேறு அளவு மரை பாதி வரை ஏறிப் பிடித்தது போலக் காட்டும், ஒரு நாள் கைவிடும். இந்த நிலையில் பெடல் எப்போதும் கடினமாகவே இருக்கும், அதற்குக் காலைப் பழக்கிக்கொண்டு கிட்டிய ஊருக்குள் மெதுவாக ஓட்டலாம். அம்மாவை ஏற்ற வேண்டாம்.

கிற்றா, புதியதா என்ற கேள்விக்கு உங்கள் விரல் நகம்தான் பதில் சொல்ல வேண்டும். சிலிண்டரின் உட்சுவரில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். கறை கண்ணுக்குத் தெரிந்தாலும் நகத்தில் தட்டுப்படாவிட்டால், மிக நுண்ணிய கல்லால் மெருகிட்டுப் புதிய சீல் பூட்டலாம். நகம் விழுந்து எழுந்தால் கிற் வாங்கும் பணம் தண்ணீரில் போட்டதுதான். புதிய சீலின் உதடு அந்தக் குழியில் உரசி ஆறு மாதத்தில் மறுபடி கசியும். அப்போது சிலிண்டருக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ், அதாவது உட்குழாய், அடிப்பிக்க வேண்டும், அல்லது இங்கிலாந்தில் எம்.ஜீ.பீ.க்கென்று இன்றும் விற்கப்படும் புதிய சேர்வோவை வரவழைக்க வேண்டும். நல்ல லேத் வேலைக்காரர் கிடைத்தாலும் பிரேக் விடயத்தில் நான் புதியதைத்தான் தெரிவுசெய்வேன். இதில் எனக்குத் துணிவு குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் காரின் பூஸ்டர் வேண்டாம். அது பெடலோடு தண்டால் இணையும் வகை. பூட்டுவதென்றால் பெடல் பெட்டியையே வெட்ட வேண்டி வரும். இன்னொன்று: பாகங்களைக் கழுவப் பெற்றோலோ மண்ணெண்ணெயோ எடுக்காதீர்கள், சீல்கள் ஊதிவிடும், புதிய பிரேக் ஒயிலாலேயே கழுவுங்கள். எஞ்சினுக்குப் போகும் ஹோஸின் உட்புறத்தையும் நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகே புதியதோடு பூட்டுங்கள். இல்லாவிட்டால் மிச்ச ஒயில் எரிந்து முதல் வாரத்தில் புகை வரும், நீங்கள் பயந்துபோய் மறுபடி இங்கே எழுதுவீர்கள்.

கல்லடிக்காரன் எழுதியது:

ஐயா, நகம் விழுந்தது; அதுவும் இரண்டு இடத்தில். புதிய சேர்வோவுக்கு எழுதினேன், வந்துசேர ஐந்து வாரம் பிடித்தது. அதுவரை நீங்கள் சொன்னபடி யூனியன் பூட்டி, நாவற்குடாவைத் தாண்டாமல் ஓட்டினேன். பெடல் கடினமாகத்தான் இருந்தது, ஆனால் எல்லா மிதியிலும் ஒரே அளவு கடினம் என்பதால் பயம் வரவில்லை.

சென்ற சனிக்கிழமை புதியதைப் பூட்டி, எஞ்சினை நிறுத்தி வைத்துக் காற்று எடுத்து, வெறுங்காலோடு சோதித்தேன். எஞ்சின் பிடித்ததும் பெடல் ஒரு விரல் அளவு இறங்கி நின்றது. சூடேறிய பின்னும் அப்படியே இறங்குகிறது. மிதித்து வைத்திருந்தாலும் ஐட்லிங் குலையவில்லை. நீங்கள் எச்சரித்தும் ஹோஸைச் சரியாகக் காயவிடாததால் இரண்டு நாள் புகைத்தது. நான் பயப்படவில்லை, ஆனால் ஏழாம் எட்டாம் தடவையாக உங்கள் பதிலை எடுத்துப் படித்தேன்.

பழைய மாஸ்டர் சிலிண்டர் கராஜின் பழைய இரும்புக் குவியலில் கிடந்தது. கேட்டதும் சிரித்துக்கொண்டே தந்துவிட்டார்கள். அதன் உட்சுவரில் நகம் எங்கும் விழவில்லை. பச்சைப் பெயின்ற் கொப்புளித்த இடத்தை இன்னும் திருத்தவில்லை. இன்று பதினோராம் நாள். ஈர்க்கை விட்டுப் பார்த்தேன், ஒயில் கீறலிலேயே நிற்கிறது.